மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு என்ன உரிமை இருக்கிறது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அக்கா மகனுக்கு 15 வயது. பள்ளிப் பையில் கஞ்சா இருந்து பிடிபட்டுவிட்டான். பள்ளியிலிருந்து நீக்கிவிடுவோம், போலீஸிலும் சொல்லுவோம் என்கிறார்கள். அவன் அப்பாவோ ஏதாவது ஒரு மறுவாழ்வு மையத்தில் ஆறு மாதம் போட்டால்தான் திருந்துவான் என்கிறார். குழந்தைகளுக்குச் சுகாதார உரிமை உண்டு என்று படித்திருக்கும் நீங்கள், "அது தடுப்பூசி, ஊட்டச்சத்து வரைக்கும்தானா? இவனைப்போல் தப்புச் செய்துவிட்ட பிள்ளைக்கும் அதில் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது, நிறையவே இருக்கிறது. போதைப்பொருளைத் தொட்டுவிட்டான் என்பதற்காக ஒரு பிள்ளையின் சுகாதார உரிமை ஒரு துளிகூடக் குறைவதில்லை. உங்களை ஆறுதல்படுத்த இதைச் சொல்லவில்லை, சர்வதேசச் சட்டத்தில் எழுதியிருப்பதே அதுதான். மருத்துவம் இதுவரை கண்டறிந்ததும் அதோடு பொருந்திப்போகிறது. வளரிளம் பருவப் பிள்ளைகளோடும் அவர்களுடைய பெற்றோரோடும் வெகுகாலம் உட்கார்ந்து பேசியவன் என்பதால், சட்டத்தில் தொடங்கி வீட்டுக்குள் வரைக்கும் வருகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐ.நா. பொதுச்சபை 1989 நவம்பர் 20 அன்று குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 2 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இன்று 196 தரப்புகள் அதில் சேர்ந்திருக்கின்றன. ஐ.நா. உறுப்பு நாடுகளில் அதை உறுதிப்படுத்தாமல் நிற்பது அமெரிக்கா மட்டுமே. ஒரு நாட்டுச் சட்டம் அதற்கு முன்பே ஒருவரை வயதுவந்தவர் என்று சொல்லாதவரை, 18 வயதுக்குட்பட்ட எல்லோரும் இந்த உடன்படிக்கையின்படி குழந்தைகள்தான். அதன் 24ஆவது பிரிவு, எட்டக்கூடிய மிக உயர்ந்த ஆரோக்கிய நிலையை அடையும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது. நோய்க்குச் சிகிச்சை பெறவும் உடல்நலம் தேறி மீளவும் வேண்டிய வசதிகளும் அதில் அடக்கம். நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை என்ற பிரிவினை அந்த வாசகத்தில் எங்கும் இல்லை.

போதைப்பொருளைப் பற்றித் தனியாகப் பேசுவது 33ஆவது பிரிவு. ஐ.நா.வின் அடிப்படையான மனித உரிமை ஒப்பந்தங்களில் போதைப்பொருளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது இந்த ஒன்றுதான். அது நாடுகள்மீது இரண்டு கடமைகளைச் சுமத்துகிறது. முதலாவது, சட்டவிரோதமான போதைப்பொருள் பயன்பாட்டிலிருந்து குழந்தைகளைக் காப்பது. இரண்டாவது, அந்தப் பொருள்களைத் தயாரிக்கவும் கடத்தவும் குழந்தைகளைப் பயன்படுத்துவதைத் தடுப்பது. இதற்காகச் சட்டம், நிர்வாகம், சமூகம், கல்வி ஆகிய வழிகளில் தகுந்த நடவடிக்கை எல்லாம் எடுக்க வேண்டும் என்கிறது. இந்தப் பிரிவை மெதுவாக ஒருமுறை படித்துப் பாருங்கள். காக்கப்பட வேண்டியவன் குழந்தை. அந்தக் குழந்தையையே தண்டித்துத்தான் அவனைக் காக்க வேண்டும் என்று பொருள் கொள்ள அங்கே இடமே இல்லை. இருந்தும் பல இடங்களில் இந்தக் கடமையின் பெயரைச் சொல்லியே பிள்ளைகளை விரட்டுகிறார்கள், அடைக்கிறார்கள், பள்ளியை விட்டுத் துரத்துகிறார்கள்.

இரண்டாவது கடமையை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் பன்னிரண்டு வயதுப் பையனைச் "சின்ன வயதிலேயே வியாபாரி" என்று பார்க்கிறோம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 182ஆவது உடன்படிக்கை (1999) இதையே குழந்தைத் தொழிலாளர் முறையின் மிக மோசமான வடிவங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. 2020இல் அந்த அமைப்பின் 187 உறுப்பு நாடுகளும் அதை உறுதிப்படுத்தி முடித்தன. ஆக, பொட்டலம் சுமக்கும் பிள்ளை சுரண்டப்படும் பிள்ளை. அவனை அனுப்பியவர் யார் என்பதுதான் காவல்துறை கேட்க வேண்டிய முதல் கேள்வி. உங்கள் அக்கா மகன் விஷயத்திலும் இதை மனத்தில் வையுங்கள். அவனுக்கு அது எங்கிருந்து கிடைத்தது, சும்மா வைத்திரு என்று யாராவது கொடுத்தார்களா, அதற்காக அவனை மிரட்டினார்களா என்று இதுவரை யாராவது விசாரித்தார்களா?

33ஆவது பிரிவில் ஒரு குறையும் இருக்கிறது. சர்வதேச ஒப்பந்தங்கள் வரையறுத்த போதைப்பொருள்களை மட்டுமே அது சொல்கிறது. 1961, 1971 ஆண்டுகளின் ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தப் பட்டியல்களில் மது, புகையிலை, பசை, தின்னர் எதுவும் கிடையாது. ஆனால் பிள்ளைகளில் பெரும்பாலோர் முதலில் தொடுவது இவற்றைத்தான். வீதியில் வாழும் பிள்ளைக்குப் பசை எளிதில் கிடைக்கும், விலையும் குறைவு, பசியையும் குளிரையும் கொஞ்ச நேரம் மறக்க வைக்கும். அதனால் உடன்படிக்கை நடைமுறையாவதைக் கண்காணிக்கும் ஐ.நா.வின் குழந்தைகள் உரிமைக் குழு, நாடுகளின் அறிக்கைகளைப் பரிசீலிக்கும்போது மது, புகையிலை, முகரும் பொருள்கள் பற்றியும் கேள்வி கேட்டே வருகிறது. 24ஆவது பிரிவின் ஆரோக்கிய உரிமைக்கு எந்தப் பட்டியலும் கிடையாது என்பதால் அந்தக் கேள்வி நியாயமானதுதான். புகையிலைக்கு மட்டும் 2003இல் உலக சுகாதார அமைப்பின் தனி ஒப்பந்தம் வந்தது. சிறாருக்கு விற்பதையும் சிறாரைக் கொண்டு விற்பதையும் அதன் 16ஆவது பிரிவு தடைசெய்யச் சொல்கிறது.

சரி, பெரியவர்கள் எடுத்தாலும் கெடுதல்தானே, சிறாருக்கு மட்டும் என்ன தனி? தனிதான். மூளையில் இன்பத்தையும் பரபரப்பையும் தேடும் பகுதிகள் பதின்பருவத் தொடக்கத்திலேயே வேகமெடுத்துவிடுகின்றன. "கொஞ்சம் நில், யோசி" என்று பிடித்து நிறுத்தும் முன்மூளைப் பகுதி முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகும். இந்த இடைவெளியில் வந்து உட்காரும் பழக்கம் ஆழமாக வேர்விடும். மது பற்றி அமெரிக்காவில் 1997இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில், 14 வயதிலோ அதற்கு முன்போ குடிக்கத் தொடங்கியவர்களில் 40 சதவீதத்துக்கும் மேல் பிற்பாடு மதுவுக்கு அடிமையானதாகத் தெரிந்தது. 20 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் அது சுமார் 10 சதவீதம். சீக்கிரம் தொடங்கும் பிள்ளைகளின் வாழ்க்கையில் வேறு கஷ்டங்களும் சேர்ந்தே இருக்கும் என்பதால் வயது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் தொடங்குவதைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட முடிந்தாலே பெரிய காரியம்தான்.

கஞ்சாவுக்கும் இது பொருந்தும். பதின்பருவத்தில் தொடங்குபவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் அடிமையாகிறார் என்பது பரவலாக எடுத்துச் சொல்லப்படும் கணிப்பு. வீரியம் கூடிய கஞ்சாவை அடிக்கடி எடுக்கும் வளரிளம் பருவத்தினருக்கு மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய்க்கான ஆபத்தும் கூடுகிறது. குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தால் இதை இன்னும் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும், மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே கணிப்பின் மறுபக்கத்தையும் பாருங்கள். ஆறில் ஐந்து பேர் அடிமையாவதில்லை. உங்கள் பையன் இரண்டில் எந்தப் பக்கம் என்று இப்போது யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு மதிப்பீடு வேண்டும். அது நடப்பதற்கு முன்பே ஆறு மாதம் அடைத்துவைக்கும் பேச்சு எதற்கு?

எதற்காக எடுத்தான் என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். "கூட்டாளி சரியில்லை" என்பது நாம் எல்லோரும் உடனே சொல்லும் விடை. அது பாதி உண்மை. மீதிப் பாதியை 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் தொடங்கிய ஆய்வு காட்டியது. அடி, வசவு, பாலியல் கொடுமை, வீட்டில் குடி, பெற்றோர் பிரிவு, தாய் அடிபடுவதைப் பார்த்தல் போன்ற குழந்தைப்பருவ அனுபவங்களைக் கணக்கெடுத்தார்கள். அவற்றில் ஐந்தோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குப் போதைப்பொருள் சிக்கல் வரும் வாய்ப்பு, எதுவும் அனுபவிக்காதவர்களைவிட 7 முதல் 10 மடங்கு அதிகம் என்று 2003இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை சொன்னது. நான் பேசிய பிள்ளைகளில் பலர் போதையை ஒரு கொண்டாட்டமாகச் சொன்னதே இல்லை. தூக்கம் வருகிறது, தலைக்குள் இரைச்சல் அடங்குகிறது, அப்பா கத்துவது தூரத்தில் கேட்கிறது என்றார்கள். சிலருக்கு அடியில் கண்டுபிடிக்கப்படாத மனச்சோர்வு இருந்தது, சிலருக்குக் கவனக்குறைபாடு. காரணத்தைக் கண்டுகொள்ளாமல் பொருளை மட்டும் பறித்தால், பிள்ளை வேறொரு பொருளைத் தேடிப்போகும்.

இனி உங்கள் கேள்வியின் நடுப்பகுதி: தண்டித்தால் திருந்தமாட்டானா?

முதலில் உயிரைப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் இதில்தான் தண்டனை நேரடியாகக் கொல்கிறது. பசை, தின்னர், எரிவாயு போன்றவற்றை முகரும் பிள்ளையின் இதயம் அட்ரினலினுக்கு மிகையாகத் துடிக்கும் நிலைக்குப் போயிருக்கும். அந்த நேரத்தில் திடீரென்று பயந்தாலோ ஓடினாலோ இதயத்துடிப்பு தாறுமாறாகி அங்கேயே இறந்துபோகலாம். முதல் முறை முகர்ந்த பிள்ளைக்கும் இது நேரலாம். அதனால் முகர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையைத் துரத்தக் கூடாது, அதட்டக் கூடாது. நிதானமாகப் பேசி, காற்றோட்டமான இடத்துக்குக் கூட்டிவந்து உட்கார வைக்க வேண்டும். பிள்ளைகளோடு வேலை செய்யும் ஒவ்வொரு ஆசிரியருக்கும் காவலருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்களே அதிகம் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

இன்னொன்று, அளவு மீறி எடுத்து மயங்கிய பிள்ளையைக் கூட இருந்த நண்பர்கள் விட்டுவிட்டு ஓடுவது. அவர்கள் கல்நெஞ்சர்கள் இல்லை. போலீஸ் வரும், வீட்டுக்குத் தெரியும், பள்ளியை விட்டு அனுப்புவார்கள் என்று பயந்து ஓடுகிறார்கள். ஹெராயின், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகைப் போதையால் மூச்சு நின்றுகொண்டிருக்கும் ஒருவரை நலோக்சோன் என்ற மருந்து சில நிமிடங்களில் மீட்டுவிடும். உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இருக்கிறது. அளவு மீறிய மயக்கத்தைக் கண்முன்னே காண வாய்ப்புள்ள சாதாரண மக்கள் கையிலும் அது இருக்க வேண்டும் என்று அந்த அமைப்பு 2014இல் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் 14 முதல் 18 வயதினரிடையே அளவு மீறிய போதையால் இறந்தவர்கள் 2019இல் 492 பேர், 2020இல் 954 பேர். ஒரே ஆண்டில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த ஆண்டில் பிள்ளைகளிடையே போதைப்பொருள் பயன்பாடு அப்படி ஒன்றும் கூடவில்லை, கூடியது பொருளின் நஞ்சு. வலிமாத்திரைபோலவே அச்சடித்து விற்ற போலி மாத்திரைகளில் ஃபென்டனில் என்ற மிக வீரியமான ஓபியாய்டு கலந்திருந்தது. இப்படிப்பட்ட காலத்தில் ஒரு பிள்ளை உதவி கேட்கத் தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து. பல இடங்களில், மயங்கியவருக்காக உதவி கேட்டு அழைப்பவர்மீது வழக்குப் போடுவதில்லை என்று சட்டமே கொண்டுவந்திருக்கிறார்கள். பள்ளிகளும் அப்படியொரு வாக்குறுதியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

அப்புறம் சட்டம். உடன்படிக்கையின் 37ஆவது பிரிவின்படி, குழந்தையைக் காவலில் வைப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்கலாம், அதுவும் முடிந்த அளவு குறைந்த காலத்துக்கு. குற்றப்பொறுப்புக்கான குறைந்தபட்ச வயதை 14க்குக் கீழே வைக்க வேண்டாம் என்று குழந்தைகள் உரிமைக் குழு 2019இல் நாடுகளைக் கேட்டுக்கொண்டது. 15 வயதுப் பையனுக்கு அந்த வயது தாண்டிவிட்டதே என்பீர்கள். தாண்டினாலும், நீதிமன்றத்துக்குப் போகாமலேயே ஆலோசனை, சிகிச்சை, கண்காணிப்பு என்று திருப்பிவிடும் வழிகளுக்கே முதலிடம் தர வேண்டும் என்பதுதான் அதே குழுவின் நிலைப்பாடு.

அப்பா சொல்லும் மறுவாழ்வு மையத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நல்ல மையங்கள் இருக்கின்றன. ஆனால் ஒருவரை அவர் சம்மதமில்லாமல் அடைத்து, அடித்து, வேலை வாங்கி, சங்கிலி போட்டு "திருத்தும்" இடங்களும் உலகெங்கும் இருக்கின்றன. 2012 மார்ச்சில் ஐ.நா.வின் 12 அமைப்புகள் ஒன்றாகச் சேர்ந்து, கட்டாயப் போதைத் தடுப்புக்காவல் மையங்களை மூடச் சொல்லி அறிக்கை விட்டன. அவற்றால் பயன் இருப்பதாகச் சான்று இல்லை, உரிமை மீறல்கள் நடக்கின்றன என்பது அவர்கள் சொன்ன காரணம். இதில் பெற்றோர் பலர் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. எப்போதாவது எடுத்த பையனைத் தினமும் எடுப்பவர்களோடு ஒரே கூடத்தில் மாதக்கணக்கில் தங்கவைத்தால் அவன் கற்றுக்கொள்வது அவர்களிடமிருந்துதான். சிக்கலான நடத்தை உள்ள வளரிளம் பருவத்தினரை ஒரே குழுவாகச் சேர்த்துச் சீர்திருத்தப் போனால் சிலசமயம் நிலைமை இன்னும் மோசமாகிறது என்று தாமஸ் டிஷியன், ஜோன் மெக்கார்ட் முதலியோர் 1999இல் எழுதிய கட்டுரை எச்சரித்தது.

பள்ளியிலிருந்து நீக்குவதும் இதே வகை. தினமும் ஏழெட்டு மணி நேரம் அவன்மேல் கண் வைத்திருக்கும் பெரியவர்கள், நேரத்துக்கு எழுந்திருக்க ஒரு காரணம், போதைக்கு வெளியே இருக்கும் நண்பர்கள் என எல்லாவற்றையும் ஒரே நாளில் பறித்துவிட்டு "திருந்து" என்று சொல்வது என்ன நியாயம்? மற்ற பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்று பள்ளி சொல்வதில் நேர்மையான கவலை இருக்கிறது, அதை ஒதுக்கிவிட முடியாது. அவன் விற்றிருந்தால் அது வேறு விஷயம், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஆனால் ஒருவனை வெளியே தள்ளியதைப் பார்க்கும் மற்ற பிள்ளைகள், தங்களுக்குச் சிக்கல் வந்தால் எந்த ஆசிரியரிடமும் வாய் திறக்கக் கூடாது என்ற பாடத்தையும் சேர்த்தே படிக்கிறார்கள்.

பயமுறுத்திச் சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கையும் அவ்வளவு பலமானதல்ல. 1983இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய டேர் என்ற போதைத் தடுப்புத் திட்டத்தில் சீருடைக் காவலர்கள் வகுப்புக்கு வந்து பாடம் எடுத்தார்கள். அமெரிக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது பரவியது. 1994இல் பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, பிள்ளைகளின் போதைப் பயன்பாட்டில் அது ஏற்படுத்திய மாற்றம் மிகச் சிறியது என்று தெரிந்தது. அதன்பின் 1998 முதல் 100 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு அங்கே விளம்பரப் பிரச்சாரம் நடத்தினார்கள். அதை மதிப்பிட்டவர்கள், இளைஞர்களின் போதைப் பயன்பாடு அதனால் குறைந்ததாகக் காணவில்லை. விளம்பரம் பார்த்த பிள்ளைகள் சிலருக்கு "எல்லோரும் இதை எடுக்கிறார்கள்போல" என்ற எண்ணம்தான் வந்தது.

பலன் தந்த வழியைப் பார்க்க ஐஸ்லாந்துக்குப் போக வேண்டும். எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் கதை இது. 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் கடந்த ஒரு மாதத்தில் குடித்துப் போதையேறியதாகச் சொன்னார்கள். 2016இல் அது 5 சதவீதம். தினமும் புகைப்பவர்கள் 23 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகவும், கஞ்சாவைத் தொட்டுப் பார்த்தவர்கள் 17இலிருந்து 7 சதவீதமாகவும் குறைந்தார்கள். எப்படிச் செய்தார்கள்? பிள்ளைகளிடம் தொடர்ந்து கணக்கெடுப்பு நடத்தி, அந்தந்த ஊரின் முடிவை அந்தந்தப் பள்ளிக்கும் பெற்றோருக்கும் உடனுக்குடன் கொடுத்தார்கள். புகையிலை விற்பனைக்கு 18, மதுவுக்கு 20 என வயது வரம்பைக் கடுமையாக அமல்படுத்தி, இரண்டின் விளம்பரங்களையும் தடைசெய்தார்கள். விளையாட்டு, இசை, நடனம், ஓவியம் ஆகியவற்றுக்கான மன்றங்களுக்கு அரசுப் பணத்தைக் கொட்டினார்கள். ரெய்க்யவிக் நகரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இதற்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கினார்கள். பெற்றோர் பிள்ளைகளோடு செலவிடும் நேரத்தைக் கூட்டச் சொன்னார்கள். இரவில் பிள்ளைகள் வெளியே சுற்றக் கூடாது என்று ஊர்ப் பெற்றோர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்திட்டார்கள். கவனித்தீர்களா, இவற்றில் பெரும்பகுதி பிள்ளையைச் சுற்றியிருக்கும் பெரியவர்களுக்கான வேலை. அது சின்ன நாடு, வசதியான நாடு, அப்படியே எடுத்து இன்னொரு இடத்தில் வைத்துவிட முடியாது என்பதும் உண்மை.

சிகிச்சை என்று வரும்போது நாம் எதைக் கேட்டு வாங்க வேண்டும்? ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் குழு 2000இல் ஆரோக்கிய உரிமைக்கு நான்கு அளவுகோல்கள் வைத்தது: சேவை போதிய அளவு இருக்க வேண்டும், எட்ட முடிய வேண்டும், மனிதர் ஏற்கும்படி மரியாதையாக இருக்க வேண்டும், தரமாக இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கான போதைச் சிகிச்சையை இதில் வைத்துப் பார்த்தால் எத்தனையோ இடங்களில் முதல் அளவுகோலிலேயே தோற்றுவிடுகிறோம். மையங்கள் பெரும்பாலும் வயதுவந்த ஆண்களை மனத்தில் வைத்துக் கட்டியவை. ஒரு பதினான்கு வயதுப் பெண் அங்கே எப்படிப் போவாள்?

பையன்களுக்கும் பெண்களுக்கும் முக்கியமான இன்னொரு விஷயம் ரகசியம். பெற்றோரின் சம்மதம் இல்லாமலும், எந்த வயதிலும், மருத்துவ ஆலோசனையை ரகசியமாகப் பெறும் உரிமை வளரிளம் பருவத்தினருக்கு உண்டு என்று குழந்தைகள் உரிமைக் குழு 2016இல் தெளிவாகச் சொன்னது. சிகிச்சைக்குச் சம்மதம் கொடுப்பது வேறு, ஆலோசனை கேட்பது வேறு என்று பிரித்தும் சொன்னது. பெற்றோருக்கு இது கசக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் மருத்துவரிடம் சொன்னால் அடுத்த நிமிடம் அப்பாவுக்குப் போய்விடும் என்று தெரிந்த பிள்ளை மருத்துவரிடமும் பொய்தான் சொல்லும். பொய்யை வைத்து யாரும் வைத்தியம் பார்க்க முடியாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்வேன் என்று மருத்துவர் முன்கூட்டியே பையனிடம் சொல்லிவிடுவதுதான் நல்ல நடைமுறை.

முதல் மதிப்பீடு பெரிய காரியமில்லை. வளரிளம் பருவத்தினருக்கென்றே கிராஃப்ட் என்ற கேள்விப்பட்டியல் ஒன்று உண்டு. போதையில் இருந்த ஒருவர் ஓட்டிய வண்டியில் ஏறினாயா, அல்லது நீயே ஓட்டினாயா? மனம் லேசாக வேண்டும் என்றோ மற்றவர்களோடு ஒட்டிப்போக வேண்டும் என்றோ எடுக்கிறாயா? தனியாக இருக்கும்போது எடுக்கிறாயா? எடுத்தபோது செய்ததை மறந்ததுண்டா? குறைத்துக்கொள் என்று வீட்டாரோ நண்பர்களோ சொன்னார்களா? அதனால் வம்பில் மாட்டினாயா? இந்த ஆறில் இரண்டுக்கு ஆம் என்றால் விரிவான பரிசோதனை தேவை. இதையெல்லாம் மருத்துவரோ பயிற்சி பெற்ற ஆலோசகரோ தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும். நீங்கள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிடாதீர்கள்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு வீட்டில் இருந்தபடியே, பள்ளிக்குப் போய்க்கொண்டே எடுக்கும் சிகிச்சை போதும். குடும்பத்தையும் சேர்த்து உட்கார வைத்துச் செய்யும் சிகிச்சைக்கு நல்ல சான்று இருக்கிறது. பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து ஆகிய ஐந்து நாடுகளில் 13 முதல் 18 வயது வரையிலான 450 பிள்ளைகளைக் கொண்டு நடந்த ஒப்பீட்டில், கஞ்சாவுக்கு அடிமையான நிலையிலிருந்து வெளியே வந்தவர்கள், தனியாள் சிகிச்சை பெற்றவர்களைவிடக் குடும்பச் சிகிச்சை பெற்றவர்களில் அதிகம். ஆகவே அக்காவும் அவர் கணவரும் "அவனைச் சரிசெய்து கொடுங்கள்" என்று விட்டுவிட்டு வர முடியாது. அவர்களும் நாற்காலி போட்டு உட்கார வேண்டியிருக்கும். நடுவில் ஒருமுறை பையன் சறுக்கலாம். சர்க்கரை நோயாளிக்கு ஒரு மாதம் அளவு ஏறினால் மருத்துவர் அவரை விரட்டுவதில்லை, மருந்தை மாற்றிப் பார்க்கிறார். இங்கும் அப்படித்தான்.

இரவு நேர அவசரத்துக்கு ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். எழுப்பினால் எழாத உறக்கம், கரகரவென்று விட்டுவிட்டு வரும் குறட்டை, நீலம் பாய்ந்த உதடு, ஊசிமுனைபோல் சுருங்கிய கண்மணி இவற்றில் எதைப் பார்த்தாலும் "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள், மூச்சு விடுகிறானா என்று பாருங்கள், விட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஆள் வரும்வரை பக்கத்தை விட்டு நகராதீர்கள். என்ன எடுத்தான் என்று தெரிந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக உங்கள் பையன் விஷயம். நீங்கள் எழுதியதில் பள்ளி சொன்னது இருக்கிறது, அப்பா சொன்னது இருக்கிறது. பையன் என்ன சொன்னான் என்று ஒரு வரிகூட இல்லை. தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லவும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அது மதிக்கப்படவும் அவனுக்கு உரிமை உண்டு என்கிறது அதே உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு. நாளை மாலை அவனோடு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வாருங்கள். மாமா நீங்கள், அப்பாவைவிட உங்களிடம் பேசுவது அவனுக்குக் கொஞ்சம் எளிது. எப்போது தொடங்கியது, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள், இடையில் புத்தி சொல்ல வேண்டாம். வளரிளம் பருவத்தினரைப் பார்க்கும் மனநல மருத்துவர் ஒருவரிடம் நேரம் வாங்குங்கள். பள்ளிக்குப் போகும்போது, சிகிச்சை தொடங்கிவிட்டது என்று எழுத்தில் கொடுத்து மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: நீக்கும் முடிவை மதிப்பீடு முடியும்வரை நிறுத்திவைக்க வேண்டும், ஒரு ஆசிரியர் அவனுக்குப் பொறுப்பாக இருக்க வேண்டும், விஷயம் அலுவலக அறைக்கு வெளியே போகக் கூடாது. போலீஸில் சொல்லியே தீருவோம் என்றால் குழந்தைகள் வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிட்டே அடுத்த அடி வையுங்கள். அதற்கு முன்னால் அவன் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். பள்ளிக் கூட்டத்துக்கு அவனையும் அழைத்துப் போங்கள், அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள்.